44 வயதில், ஆட்டிசத்தோடு ஓவியக் கல்லூரிக்குப் போகலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வயது 44. இருபது வருடத்துக்கு மேல் சைன்போர்டு எழுதியவர், கோயில் சுவர்களிலும் தேர்களிலும் சாமி படம் வரைபவர். ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வந்தபின் போர்டு வேலை படுத்துவிட்டது. போன வருடம் மகனை மருத்துவரிடம் கூட்டிப்போன இடத்தில், மகனுக்கு ஆட்டிசம் என்று சொன்ன கையோடு “நீங்களும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றிருக்கிறார்கள். பார்த்ததில் இவருக்கும் அதேதான். இப்போது ஓவியத்தில் டிப்ளமோவோ பட்டமோ படிக்க ஆசை. இந்த வயதில் சேர்த்துக்கொள்வார்களா, ஆட்டிசம் என்று சொல்ல வேண்டுமா, சொன்னால் ஒதுக்கிவிடுவார்களா என்று மூன்று கேள்விகள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: “வரையும்போது மட்டும்தான் தலைக்குள் இரைச்சல் அடங்குகிறது. அங்கே போய் அதையும் கெடுத்துக்கொள்வேனோ?” தம்பி, நீங்கள் உண்மையில் கேட்டது இந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. மற்ற மூன்றுக்கும் பதில் அவ்வளவு கஷ்டமில்லை. இதற்காகத்தான் நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் பிறந்து, கல்யாணமாகி டர்பன் வந்தவள். இங்கே ஒரு ஓவியத் துறையில் இருபது வருடம் டிராயிங் சொல்லிக்கொடுத்தேன். கடைசி எட்டு வருடம், எங்கள் துறைக்கும் ஊனமுற்ற மாணவர்களுக்கான உதவிப் பிரிவுக்கும் நடுவில் ஓடுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. நான் மருத்துவர் இல்லை, எனக்கு ஆட்டிசமும் இல்லை. ஆகவே உள்ளே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்வதெல்லாம் மாணவர்கள் என்னிடம் சொன்னதுதான். உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் உங்கள் அனுபவத்தையே நம்புங்கள்.

முதலில் சேர்க்கை. நீங்கள் 1998ல் மெட்ரிக் (இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு) முடித்ததாகவும் எக்செம்ப்ஷன், அதாவது பட்டப்படிப்பில் சேரும் தகுதி, கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது இப்போது பெரிய தடை இல்லை. 2008க்கு முந்தைய சீனியர் சர்ட்டிஃபிகேட் என்ற பழைய பள்ளி இறுதிச் சான்றிதழில், பட்டப்படிப்புக்குத்தான் எக்செம்ப்ஷன் தேவைப்பட்டது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் டிப்ளமோவுக்கு அது இல்லாமலே விண்ணப்பிக்கலாம். பட்டமே வேண்டும் என்றால், 23 வயது தாண்டியவர்களுக்கு என்று நிபந்தனைகளோடு ஒரு விலக்கு இருக்கிறது. அதைவிட உங்களுக்கு நெருக்கமான வழி ஆர்.பி.எல். என்பது. வேலையில் கற்றதைப் படிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறை. இருபது வருடம் ஏணியில் நின்று எழுத்து எழுதியதும் தேர் வரைந்ததும் அங்கே வெறும் கதை இல்லை, சான்று. பழைய வேலைகளின் ஃபோட்டோ, கோயில் கமிட்டியின் கடிதம், பணம் வாங்கிய பில் எல்லாவற்றையும் இப்போதே ஒரு ஃபைலில் சேருங்கள்.

ஓவியத் துறைகளில் மார்க்கைவிட போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது நீங்கள் வரைந்தவற்றின் தொகுப்பைத்தான், கூர்ந்து பார்ப்பார்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கொல்லத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாக வந்த எம்.எல். சுல்தான் கொடுத்த பணத்தில் எழுந்த டெக்னிக்கானும் (தொழில்நுட்பக் கல்லூரி) நட்டால் டெக்னிக்கானும் 2002ல் ஒன்றாகி அமைந்தது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஓவியத் துறை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்திலிருந்து தினமும் போய்வருவது ஆகாத காரியம் என்பேன். யுனிசா என்கிற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1946 முதல் தொலைதூரக் கல்வி நடத்திவருகிறது. வயது பற்றிய கவலைக்கு ஒன்று சொல்கிறேன்: மண்டேலா யுனிசாவில் சட்டப் பட்டம் முடித்தது 1989ல், சிறையில் இருந்தபடி, 70 வயதில். 44 என்று சொல்லிக்கொண்டு இங்கே யாரிடமும் அனுதாபம் வாங்க முடியாது.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவிக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 3,50,000 ராண்ட். ஊனம் உள்ள மாணவருக்கு அது 6,00,000 ராண்ட். ஆட்டிசம் இந்தக் கணக்கில் வரும். அதற்கென்று ஒரு இணைப்புப் படிவம் இருக்கிறது, மருத்துவர் நிரப்பித் தர வேண்டும். முதல் பட்டம் அல்லது டிப்ளமோவுக்குத்தான் இந்த உதவி. உங்களுக்கு இதுதான் முதல், ஆகவே சிக்கலில்லை. ‘ஊனம்’ என்ற சொல் உங்களுக்குக் கசக்கலாம். படிவத்தில் அது ஒரு கட்டம், அவ்வளவுதான். பேனாவால் குறி போட்டுவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.

சொல் என்று வந்ததால் இன்னொன்று. தமிழ்ப் பத்திரிகைகளில் ‘மதியிறுக்கம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. என்னிடம் படித்தவர்களில் மதி இறுகிப்போன ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஆட்டிசம் என்றே சொல்லிக்கொள்ளலாம். அது நோயும் இல்லை. மூளை வளரும்போதே அமைகிற ஒரு விதம். உங்களுக்கு 44 வயதில் வந்ததில்லை, பிறந்ததிலிருந்து இருந்தது, பெயர்தான் இப்போது கிடைத்திருக்கிறது. முன்பு ‘ஆஸ்பெர்கர்’ என்று தனியாக ஒரு பெயர் இருந்தது. 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதையும் ஆட்டிசத்தோடு சேர்த்துவிட்டது. அதே கையேடு ஒலி, ஒளி, தொடுகை, வாசனை போன்றவற்றில் அதிகமாகவோ குறைவாகவோ பாதிக்கப்படுவதையும் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இவையெல்லாம் உறுதியானவை.

ஆட்டிசம் இருந்தால் ஓவியத் திறமை தானாக வரும் என்பது உறுதியானதில்லை. சொல்லப்போனால் தவறு. லண்டனில் ஸ்டீஃபன் வில்ட்ஷையர் என்று ஒருவர் இருக்கிறார். 2005ல் ஹெலிகாப்டரில் கொஞ்ச நேரம் டோக்கியோவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 10 மீட்டர் நீளத் துணியில் அந்த ஊரை ஞாபகத்திலிருந்தே வரைந்தார். ஆட்டிசம் என்றதும் சொந்தக்காரர்கள் உடனே அந்த வீடியோவை எடுத்துக் காட்டுவார்கள். உங்களுக்கும் யாராவது வாட்ஸாப்பில் அனுப்பியிருப்பார்கள். அவர் அபூர்வம். அவரும் சிட்டி அண்ட் கில்ட்ஸ் ஓவியப் பள்ளியில் உட்கார்ந்து படித்தவர்தான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின், தான் படங்களாகவே யோசிப்பதாக எழுதினார், உடனே ஆட்டிசம் உள்ள எல்லாருமே அப்படித்தான் என்று உலகம் பேச ஆரம்பித்தது. பிறகு அவரே, இல்லை, எண்களாகவும் ஒழுங்குகளாகவும் யோசிப்பவர்கள் உண்டு, சொற்களாக யோசிப்பவர்களும் உண்டு என்று திருத்தினார். உங்கள் கை உங்கள் உழைப்பில் வந்தது. அதை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் சொன்ன ஒரு விஷயம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. காவடி சமயத்தில், உருமியும் மேளமும் காதைப் பிளக்கும்போது கோயில் மண்டபத்தில் ஏணி மேல் நின்று ஆறு மணி நேரம் வரைகிறீர்கள். ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஒரு பிறந்தநாள் வீட்டில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்தால் அரை மணியில் வெளியே போய்விடுகிறீர்கள். “மேளத்தைத் தாங்குகிறவனுக்குப் பேச்சு தாங்காதா, எல்லாம் நடிப்பு” என்று வீட்டில் சொல்கிறார்கள். நடிப்பு இல்லை. சத்தம் எவ்வளவு பெரியது என்பது கதையில் பாதிகூட இல்லை. மேளம் எப்போது எழும், எப்போது அடங்கும் என்று சிறுவயதிலிருந்து உங்கள் உடம்புக்குத் தெரியும். அதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதும் இல்லை. பத்துப் பேர் பேச்சில் எது உங்களுக்கானது, எது இல்லை என்று ஒவ்வொரு நொடியும் பிரித்தெடுக்க வேண்டும். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்துக் கேட்பது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம் என்பது நன்றாகவே பதிவான விஷயம். இன்னொன்றும் இருக்கலாம். டைனா மர்ரே என்ற ஆய்வாளரும் அவரோடு இன்னும் இருவரும் 2005ல் எழுதிய ஒரு கருத்து: ஆட்டிசம் உள்ளவரின் கவனம் ஒரே வாய்க்காலில் முழுதாகப் பாயும், பல கிளையாகப் பிரிவது கஷ்டம். தூரிகையில் கவனம் பாய்ந்துவிட்டால் மேளம் கரைக்கு வெளியே நின்றுவிடும். இது அழகான விளக்கம், என் மாணவர்கள் கேட்டதும் தலையாட்டிய விளக்கம். ஆனாலும் நிரூபிக்கப்பட்டது என்று சொல்லும் இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், ஓவியக் கல்லூரி மேளம் மாதிரி இல்லை, பிறந்தநாள் வீடு மாதிரி. ஒரே ஹாலில் இருபது பேர். ஒருத்தன் பாட்டு போடுவான், ஒருத்தி கண்ணாடி வெட்டுவாள், டர்பன்டைன் வாடை, நடுவில் யாராவது வந்து உங்கள் படம் வைத்திருக்கும் சட்டத்தின் பின்னால் நின்று பேச்சுக் கொடுப்பார்கள். மேலே பழைய டியூப்லைட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்கு அது தெரிகிறதா என்பதில் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த லைட்டை மாற்றியதும் தலைவலி நின்றது என்று என்னிடம் சொன்ன மாணவர்கள் இருக்கிறார்கள். ஜன்னல் பக்கம், முதுகு சுவரில் படுகிற மாதிரி ஒரு நிரந்தர இடம் கேளுங்கள். இரைச்சலைக் குறைக்கும் ஹெட்ஃபோன் ஃபேன், ஏசி மாதிரி சீரான முழக்கத்தை நன்றாகக் குறைக்கும். மனிதப் பேச்சையும் திடீர் சத்தத்தையும் அவ்வளவாகத் தடுக்காது. அதற்குச் சாதாரண நுரைக் காதடைப்பானே மேல், விலையும் சொற்பம்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஓவியப் படிப்பில் ஆட்டிசம் உள்ள மாணவரை வீழ்த்துவது வரைவது இல்லை. வரைந்ததைச் சுற்றி நடக்கும் பேச்சு. ‘கிரிட்’ என்று சொல்வார்கள். செய்ததைச் சுவரில் மாட்டி, எல்லாரும் சுற்றி நின்று, ஆசிரியர் கேள்வி கேட்க, மாணவர் அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வந்த ஐந்தாவதோ ஆறாவதோ வருடம், ஐம்பதைத் தொட்ட ஒரு மாணவர் இருந்தார். மர அச்சு செய்வார். ஒரு இலையின் நரம்புக்காக ஒரு வாரம் செதுக்குவார். கிரிட்டில் அவரிடம், “இதை என்ன உணர்வோடு செய்தீர்கள்?” என்று கேட்டேன். அவர் பேசவில்லை. நான் காத்திருந்தேன். காத்திருப்பது மரியாதை என்று நினைத்தேன். பிறகு கேள்வியை மாற்றிக் கேட்டேன், அதற்குள் பக்கத்தில் ஒருவர் சிரித்தார். அவர் அச்சைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். என் குறிப்பில் “ஈடுபாடு போதாது” என்று எழுதினேன். ஒரு வாரம் ஒரு இலைக்குக் கொடுத்த மனிதரைப் பற்றி! அந்த வருட முடிவில் அவர் படிப்பை விட்டுவிட்டார். அவருக்கு ஆட்டிசம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, யாரும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் பின்னாட்களில் உதவிப் பிரிவு வேலைக்காகப் படிக்க ஆரம்பித்தபோது, ஒவ்வொரு பக்கத்திலும் அவர்தான் எனக்குத் தெரிந்தார்.

அதற்குப் பிறகு நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். கேள்விகளை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவேன். “உணர்வு” பற்றிக் கேட்பதில்லை. “இந்த இடத்தில் கோட்டை ஏன் நிறுத்தினீர்கள்?” “இரண்டாவது அச்சில் கறுப்பை ஏன் கூட்டினீர்கள்?” இந்த மாதிரி. எழுதிக்கொண்டு வந்து வாசிக்கலாம், வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாம். ஆட்டிசம் உள்ள மாணவருக்காகச் செய்தது இது, ஆனால் ஆங்கிலம் இரண்டாவது மொழியான ஜூலு மாணவர்கள்தான் முதலில் வந்து நன்றி சொன்னார்கள். நீங்கள் சேரும்போது இதை எழுத்தில் கேளுங்கள்: கேள்விகள் முன்கூட்டியே வேண்டும், கிரிட் சிறிய குழுவில் அல்லது ஆசிரியரோடு தனியாக வேண்டும். தர மறுக்க அவர்களுக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதில் குறை உங்களுடையது மட்டும் என்று எண்ண வேண்டாம். டேமியன் மில்ட்டன் என்ற ஆய்வாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு, 2012ல் ஒரு கருத்தை வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியவில்லை என்று மட்டும் சொல்கிறோமே, மற்றவருக்கும் அவர் மனம் புரியவில்லைதானே, இது இருபக்கச் சிக்கல் என்றார். என் இலைக் கதைக்கு இது அப்படியே பொருந்துகிறது. இதை ஒட்டி 2020ல் வந்த ஒரு சோதனையில், ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் ஒரு செய்தியைக் கடத்தும்போது நன்றாகவே கடத்தினார்கள், கலந்த குழுவில்தான் செய்தி சிதைந்தது. இணையத்தில் இதை வேதவாக்காக எழுதுகிறார்கள். ஆனால் அதே ஆய்வாளர்களின் குழு பெரிய அளவில் திரும்பச் செய்து 2025ல் வெளியிட்டபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே கருத்து எனக்குச் சரியாகவே படுகிறது, ஆதாரம் மட்டும் அவ்வளவு கெட்டியாக இல்லை.

கிரிட்டுக்கு அடுத்து உங்களைப் படுத்தப்போவது ‘திறந்த தலைப்பு’. இங்கேதான் உங்கள் தொழில் உங்களுக்கு எதிராகத் திரும்பும். கோயில் வேலையில் அளவு இருக்கிறது. உத்தம தச தாலம் என்ற சிற்ப அளவு முறை என்றால் உச்சி முதல் பாதம் வரை 124 பங்கு, முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று சொல்லப்பட்டுவிட்டது. முருகனுக்கு வேல் எந்தக் கையில் என்று யாரும் உங்களிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. அந்தக் கட்டுக்குள்தான் உங்கள் கை சுதந்திரமாக ஓடுகிறது. முதல் வருடம் கல்லூரியில், “அடையாளம் — எந்த ஊடகத்திலும் — ஆறு வாரம்” என்று ஒரு வரி கொடுப்பார்கள். மற்ற மாணவர்கள் எதையாவது ஆரம்பித்துவிடுவார்கள். உங்களைப் போன்றவர்கள் நாலு வாரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சோம்பல் இல்லை. எங்கிருந்தும் தொடங்கலாம் என்றால் எங்கிருந்தும் தொடங்க முடிவதில்லை.

அப்போது ஆசிரியரிடம் போய் இந்த நாலைக் கேளுங்கள்: எத்தனை படம், குறைந்தது என்ன அளவு, எந்தத் தேதியில் பாதி காட்ட வேண்டும், மார்க் எதெதற்கு எவ்வளவு. “அதெல்லாம் உங்கள் இஷ்டம்” என்பார். விடாதீர்கள். “போன வருட மாணவர்கள் செய்ததில் மூன்று காட்டுங்கள்” என்று கேளுங்கள். அதைப் பார்த்தபின் உங்கள் தாலத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அளவு, மூன்று நிறம், ஒரு விதி. வெளியிலிருந்து கட்டு வராவிட்டால் நாமே கட்டிக்கொள்வதில் தப்பில்லை. எனக்குத் தெரிந்த நல்ல ஓவியர்கள் பாதிப்பேர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ஆட்டிசம் என்று சொல்ல வேண்டுமா? என் பதில்: உதவிப் பிரிவிடம் சொல்லுங்கள், சேர்க்கைக்கு முன்பே சொல்லுங்கள். வகுப்பில் சொல்வதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 9ஆம் பிரிவு ஊனத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது, 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அதையே விரித்துச் சொல்கிறது. உடல்நலத் தகவலைத் தனிப்பாதுகாப்போடு வைக்க வேண்டும் என்று பாப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில், உதவிப் பிரிவுக்கு மருத்துவ அறிக்கை போகும். அங்கிருந்து ஆசிரியருக்கு “இந்த மாணவருக்கு இன்னின்ன ஏற்பாடு தேவை” என்று ஒரு கடிதம் மட்டும் போகும். ஆட்டிசம் என்று பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. தேர்வில் பெரும்பாலும் மணிக்கு 15 நிமிடம் கூடுதல் கிடைக்கும், தனி அறை கேட்கலாம். பாடத்தின் தேவையை மட்டும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். ஓவிய வரலாற்றுக் கட்டுரை எழுதத்தான் வேண்டும், கண்காட்சி வைக்கத்தான் வேண்டும். எந்த வழியில் அங்கே போய்ச் சேர்வது என்பதைத்தான் பேரம் பேசலாம். சட்டம் இருக்கிறது என்பதற்காக ஒதுக்கவே மாட்டார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கடிதத்தைப் படிக்காமல் டிராயரில் போட்ட ஆசிரியர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அப்படி ஒருவர் வாய்த்தால் வாக்குவாதம் வேண்டாம், மின்னஞ்சல் போடுங்கள், நகல் உதவிப் பிரிவுக்கு.

கூடப் படிப்பவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். “அங்கிள்” என்பார்கள். முதலில் கோபம் வரும், பிறகு அது ஒரு வசதி என்று தெரியும். அங்கிள் பார்ட்டிக்கு வரவில்லை என்றால் யாரும் குறை சொல்வதில்லை. நாற்பது வருடமாக மற்றவர்கள் மாதிரி சிரித்து, மற்றவர்கள் மாதிரி கண்ணைப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். முகமூடி போடுவது என்று இதைச் சொல்கிறார்கள். அதற்கு ஆகிற களைப்பு உண்மை. மாதக்கணக்கில் நீளும் களைப்பை ‘ஆட்டிசச் சோர்வு’ என்று 2020லிருந்து ஆய்வுகள் பேசுகின்றன. மருத்துவக் கையேட்டில் அது இன்னும் தனி நோயாக இல்லை, ஆகவே அந்தப் பெயரில் சர்ட்டிஃபிகேட் கேட்டால் கிடைக்காது. ஆனால் வருகிறது. நான் பார்த்தவரை மூன்றாவது டெர்மில், ஆகஸ்ட் மாதம் வரும். அதனால் பாதிப் பாடங்களை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படிக்க விடுவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள், அதனால் உதவிப் பணம் பாதிக்குமா என்பதையும் சேர்த்து. விழுந்தபின் கேட்டால் எல்லாம் தாமதமாகும்.

பயணத்தையும் கணக்கில் எடுங்கள். சாட்ஸ்வொர்த் டாக்ஸியில் பாஸ் ஸ்பீக்கர் உங்கள் முதுகெலும்பில் அடிக்கும், எட்டு மணி வகுப்புக்குள் நுழையும்போதே பாதி சக்தி தீர்ந்திருக்கும். ஒரு மாணவி ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, காரிலேயே இருட்டில் உட்கார்ந்திருப்பாள். பைத்தியம் என்று நினைத்தோம். அவள்தான் அந்த வகுப்பில் எல்லாவற்றையும் நேரத்தில் முடித்தவள்.

இப்போது அந்தக் கடைசி வரி. கெடுத்துக்கொள்வீர்களா? கொஞ்ச நாளைக்கு, ஆமாம். இதை மறைக்க மாட்டேன். தன் நிம்மதிக்காக வரைந்தவர், மார்க்குக்காக, தேதிக்காக, விளக்கம் சொல்வதற்காக வரைய ஆரம்பித்ததும் அந்த நிம்மதி முதலில் போகும். முதல் வருடத்தில் “வீட்டில் வரைவதையே விட்டுவிட்டேன்” என்று என்னிடம் சொல்லாத வயது முதிர்ந்த மாணவர் மிகக் குறைவு. சிலருக்கு இரண்டாம் வருடத்தில் திரும்பி வந்தது. சிலருக்கு வரவில்லை, அவர்கள் நல்ல மார்க்கோடு வெளியே போனார்கள், சந்தோஷமாகப் போனார்களா என்று எனக்குச் சந்தேகம். திரும்பி வந்தவர்களில் பலருக்கு ஒரு பொதுப் பழக்கம் இருந்தது: கல்லூரிக்குக் கொண்டுவராத ஒரு நோட்டு. ஆசிரியர் கேட்டாலும் காட்டாத நோட்டு. இதை ஆய்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஆசிரியையின் கண்ணுக்குப் பட்டது, அவ்வளவே. உங்களுக்கு அந்த நோட்டு கோயில்தான். படிக்கிற வருடங்களிலும் தேர் வேலையை விடாதீர்கள், வருடத்துக்கு ஒன்றானாலும் சரி. அதை அசைன்மென்ட் ஆக்காதீர்கள்.

கட்டுரைக்கு மட்டும் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஓவிய வரலாற்றுப் பாடத்தில் பிக்காசோவைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். நட்டாலில் கோயில் கட்டிய கொத்தனார் ராமசாமி பிள்ளை, கிருஷ்டப்ப ரெட்டி இவர்களைப் பற்றி, அந்தச் சுதையும் வண்ணமும் எப்படிச் செய்யப்பட்டன என்று, ஏணியில் நின்ற ஒருவர் எழுதினால் அது வேறு கட்டுரை. நீங்கள் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடாமல் மணிக்கணக்கில் பேசுவீர்கள், வீட்டில் திட்டு வாங்குவீர்கள் என்று எழுதியிருந்தீர்களே. அந்தக் கட்டுரை எழுதும்போது யாரும் திட்ட மாட்டார்கள்.

உடனே விண்ணப்பம் போட வேண்டாம். முதலில் ஒருதரம் போய்ப் பாருங்கள். துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, வெள்ளிக்கிழமை மதியம் வருகிறேன் என்று சொல்லுங்கள். அந்த நேரம் ஸ்டூடியோ பெரும்பாலும் காலியாக இருக்கும், காவலாளியும் டெக்னீஷியனும்தான் இருப்பார்கள். யாரோடும் பேச வேண்டாம். ஜன்னல் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அரை மணி நேரம் ஏதாவது வரையுங்கள். பிறகு இன்னொரு நாள், செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, எல்லாரும் இருக்கும்போது போய் அதே ஸ்டூலில் அதே அரை மணி. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் விண்ணப்பப் படிவத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.